மூடியில் எழுதிய பெயர்

இரண்டு மணிக்கே கையுறையை மாட்டிக்கொண்டு நின்ற டாக்டர் தில்லைநாயகி இரண்டேகால் வரைக்கும் கத்தியைத் தொடவில்லை. முன்னால் கடப்பைக்கல் மேடை. மேடைமேல் கைப்பிடி வைத்த இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, ஒரே அளவு, கல்யாண வீட்டில் ஊறுகாய் போட்டு வைப்பார்களே அந்த மாதிரி. உள்ளே ஃபார்மலினில் ஊறிக்கொண்டு ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. மூடிமேல் ஒட்டுப்பிளாஸ்திரி, அதில் பேனாவால் பெயர். ஒன்றில் வெண்ணிலா, மற்றதில் நஸ்ரீன். மூடியில்தான். டப்பாவின் உடம்பில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. மூடியில் எழுதாதீர்கள், டப்பாவில் எழுதுங்கள், மூடி என்பது கழற்றுகிற சாமான், கழற்றுகிற சாமானுக்குப் போய்ப் பெயர் வைப்பார்களா என்று பிரசவ வார்டுக்கு இருபத்தாறு வருஷமாகச் சொல்லியாயிற்று, சுற்றறிக்கை விட்டாயிற்று, தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டுபோய் அவர்கள் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. அதன்மேல் தடுப்பூசி அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். டப்பா ஈரமாக இருக்கிறது மேடம், பிளாஸ்திரி பிடிக்க மாட்டேன் என்கிறது என்பார்கள். துடைக்க வேண்டியதுதானே. துணி இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் துணி இல்லை, மூளை இல்லை, வெட்கமும் இல்லை என்று மனசுக்குள் வைதாள். வைதது போதவில்லை. இடது பக்கம் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படித்தான், தலையைத் திருப்பினால் தோள் வரைக்கும் இழுக்கிறது. சுவரில் இருக்கிற காற்றுப்போக்கி விசிறி ஓடவில்லை, கண் எரிந்தது. நாலு மணிக்குக் கூட்டம்.

கூட்டத்துக்குச் சிசு மரண ஆய்வுக் கூட்டம் என்று பெயர். மாதத்துக்கு ஒரு தடவை டீன் அறைக்குப் பக்கத்து ஹாலில் பதினாலு பேர் உட்கார்ந்து, டீயும் உப்பு பிஸ்கட்டும் சாப்பிட்டபடி, அந்த மாதம் செத்த குழந்தைகள் ஏன் செத்தன என்று பேசுவார்கள். இந்த மாதம் பதினொன்று. பத்தைப் பற்றி யாருக்கும் தகராறு இல்லை, அவற்றுக்கெல்லாம் தாள் சுத்தமாக இருக்கிறது. பதினொன்றாவது வெண்ணிலாவுடையது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வலியோடு வந்து சேர்ந்த பெண். வந்ததும் குழந்தையின் துடிப்பைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. நடுவில் ஐந்தரை மணி நேரம். அரை மணிக்கு ஒரு தரம் துடிப்பு பார்த்ததாகத் தாளில் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு நூற்று நாற்பது, ஒன்றுக்கு நூற்று நாற்பது, ஒன்றரைக்கு நூற்று முப்பத்தெட்டு, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது, நாலரைக்கு மட்டும் கேட்கவில்லை என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் சோறு கூடப் போடவில்லை, பூசணிக்காயை அப்படியே இலையில் வைத்துவிட்டுச் சோறு என்கிறார்கள். வீட்டுக்காரர்கள் குழந்தையை அறுக்க வேண்டாம் என்று சொல்லி அன்றைக்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். மிஞ்சியது நஞ்சுக்கொடி ஒன்றுதான். நடந்ததைச் சொல்ல வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சி பேசுவதைக் கேட்டுச் சொல்ல இந்தப் பக்கத்து நாலு மாவட்டத்துக்கும் இவள் ஒருத்திதான் டாக்டர்.

இதற்கென்று பிறந்தவள் ஒன்றும் இல்லை. மகப்பேறு படிக்கத்தான் ஆசைப்பட்டாள். மேற்படிப்புக்கு இடம் ஒதுக்கிய அன்றைக்கு மகப்பேற்றில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. வரிசையில் இவளுக்கு இரண்டு பேர் முன்னால் நின்ற சாருமதி அதை எடுத்துக்கொண்டாள். இவளுக்கு நோயியல். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள், சாருமதிதான் கேன்டீனில் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் தேற்றினாள். அந்தச் சாருமதிதான் இப்போது இதே ஆஸ்பத்திரியில் மகப்பேறு துறைத் தலைவி, நாலு மணிக்கு ஹாலில் எதிர் நாற்காலியில் உட்காரப் போகிறவள். படிப்பின் இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் பிரசவ வார்டின் பின்வாசலில் வாளி வாளியாக நஞ்சுக்கொடியைக் குப்பைக்குக் கொண்டுபோவதைத் தில்லைநாயகி பார்த்தாள். ஒன்பது மாதமும் அந்தக் குழந்தைக்குச் சோறும் மூச்சும் கொடுத்தது அது. நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். அதற்கு வைத்த பெயர் நஞ்சு, அதற்குக் கொடுத்த இடம் குப்பைத்தொட்டி. அன்றைக்கு ஏறிய கோபம்தான், இன்னும் இறங்கவில்லை. வெளியூர் போய் ஆறு மாதம் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். நஞ்சு டாக்டர் என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். வார்டு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு கேட்டால் அதில் சாப்பாட்டு டப்பா இருக்கிறது என்றார்கள். இரண்டு வருஷம் சண்டை போட்டுத்தான் அந்தத் தட்டை வாங்கினாள். எத்தனை ஆயிரம் ரிப்போர்ட் எழுதியிருப்பாள். எழுதியதெல்லாம் ஃபைலில் போய்த் தூங்கியது. போன வருஷம் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நாலு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள். தங்கை ஃபோன் பண்ணி, உனக்கு வேலை இருக்கும் அக்கா, சிரமப்படாதே, அப்புறமாக ஒரு நாள் வந்து பார் என்றாள். வேலை இருக்குமாம். அறுக்கிற கை சபைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வேலையைத் துணைக்குக் கூப்பிட்டாள். வளையல் இன்னும் இந்த அறை மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, ஸ்லைடு பெட்டிக்குக் கீழே.

கத்தியை எடுத்தாள். வைத்தாள். முதலில் எடை. வெண்ணிலா என்று எழுதிய மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, தண்ணீரில் அலசி, தராசில் வைத்தாள். இருநூற்றுத் தொண்ணூறு கிராம். புதன்கிழமையும் அதே எடைதான். நஞ்சுக்கொடி எடை போட்டுப் பார்த்தால் கூடிவிடுமா என்ன. உள்ளங்கை அகலம்தான் இருந்தது, தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டியது அங்கங்கே கட்டை தட்டியிருந்தது. புதன்கிழமை அறுத்த வெட்டு வாயை விரித்துப் பார்த்தால் வெளுத்துப்போன திட்டுகள், நாள்பட்ட திட்டுகள், பாதிக்குப் பாதி செத்த சதை. இதில் ஒரு குழந்தை இருந்தது என்றால் பல வாரமாக அரைப் பட்டினி கிடந்திருக்கும். புதன்கிழமை இதைப் பார்த்ததும் மனசில் ஒரு சமாதானம் வந்தது உண்மை. ஆக, நஞ்சுக்கொடிதான் கெட்டிருக்கிறது, இவர்கள் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தக் குழந்தை பாடு கஷ்டம்தான் என்று நினைத்தாள். சாருமதிக்கு அவளே ஃபோன் பண்ணிச் சொன்னாள். தில்லை, நீ தெய்வம்டி என்றாள் சாருமதி. அவள் துறையில் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள், ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம், வேலை போயிருக்கும் என்று சொல்லிச் சாருமதி ஃபோனிலேயே அழுதாள். அந்த அழுகையைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெய்வம் என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்.

நேற்றுப் பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தது. வெண்ணிலா. இருபத்துமூன்று வயது இருக்கும், ஆஸ்பத்திரி நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, அடுத்த கட்டடம் வரைக்கும் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறது. இந்த அறைக்கு இருபத்தாறு வருஷத்தில் ஒரு தாய் வந்ததில்லை. வாசலிலேயே நின்றது. நீங்கதான் அதை அறுத்துப் பாக்குறவங்களா என்று கேட்டது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மாமியார் சொல்கிறாராம், கிரகணத்தன்றைக்குக் கத்தி பிடித்துக் காய் நறுக்கினாயே, அதுதான் என்று. ஊரே சொல்கிறதாம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது. புருஷன் இரண்டு நாளாக வார்டுக்கு வரவில்லையாம். இதையெல்லாம் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னது, அழவில்லை. கடைசியில் கேட்டது.

“என்னாலயா மேடம்?”

இல்லவே இல்லை, கிரகணம் எல்லாம் பேத்தல் என்று தில்லைநாயகி உடனே சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த வாய் சும்மா இருக்குமா. நஞ்சுக்கொடி சரியில்லை அம்மா, பல வாரமாகவே கெட்டுப்போய் இருந்திருக்கிறது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினாள். அந்தப் பெண் அதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, “அப்ப என் ஒடம்புதான்” என்றது. கிரகணத்தைப் பிடுங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தாயிற்று. கிரகணமாவது ஒரு நாளோடு போகும். திரும்பிப் போகிறபோது, வாசற்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இவளைப் பார்க்காமலே சொன்னது: “நல்லா கொழுகொழுன்னு இருந்தான் மேடம். ரெண்டே முக்கால் கிலோ.”

இரண்டே முக்கால் கிலோ. அந்த நிமிஷம் கழுத்து சுரீர் என்று இழுத்தது. வார்டிலிருந்து வருகிற படிவத்தில் குழந்தை எடை எழுத ஒரு கட்டம் உண்டு, அது எப்போதும் காலியாகத்தான் வரும், அதற்காகவும் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். இருநூற்றுத் தொண்ணூறு கிராம், அதிலும் பாதி செத்தது, இரண்டே முக்கால் கிலோ குழந்தையை வளர்க்காது. ஒரு சின்ன டம்ளர் அரிசியில் ஊருக்கே பொங்கிப் போட்டேன் என்கிற கதை. ஓடிப்போய் நஸ்ரீனுடைய குழந்தையின் எடையை விசாரித்தாள். நஸ்ரீனுக்குப் பிரஷர் இருந்தது, அதனால்தான் அவளுடைய நஞ்சுக்கொடியும் வந்தது. குழந்தை உயிரோடு இருக்கிறது, பச்சிளங்குழந்தை வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள். ஒரு கிலோ அறுநூறு. அந்தச் சுண்டைக்காய்க் குழந்தைக்குத்தான் இந்தச் சுண்டைக்காய் நஞ்சுக்கொடி பொருந்தும். நஸ்ரீன் என்று மூடியில் எழுதிய டப்பாவை நேற்றே திறந்து பார்த்தாள். நானூற்று எண்பது கிராம், அகலமாக, மெத்தென்று, எங்கும் ஒரு திட்டு இல்லை, நூற்றில் ஒன்று என்று மாணவர்களுக்குக் காட்டலாம். சவ்வு மட்டும் பச்சை. மூச்சு முட்டுகிற குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழிக்கும், அந்தப் பச்சை சவ்வில் ஊறி உள்ளடுக்குக்கு இறங்குவதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும், இதில் இறங்கியிருந்தது. ஸ்லைடிலும் பார்த்துவிட்டாள். ஒன்பது மாதமும் குறையில்லாமல் வளர்ந்த பையன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று மணி நேரம் மூச்சுக்குத் தவித்திருக்கிறான். ஒருத்தரும் காது வைத்துக் கேட்கவில்லை. பேனாதான் கேட்டது, நூற்று நாற்பது, நூற்று நாற்பது.

மூடி மாறியிருக்கிறது. கலியபெருமாள் மாற்றியிருக்கிறார். கலியபெருமாள் இந்தத் துறையின் டெக்னீசியன், இவளோடு அதே இருபத்தாறு வருஷம், பிப்ரவரியில் ஓய்வு. அறுத்துப் பார்க்க வருகிற செத்த குழந்தைகளைத் திருப்பி அனுப்பும்போது சுற்றிக் கொடுக்க வீட்டிலிருந்து பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்துக்கொண்டு வருகிற மனுஷர். அவராவது ஒழுங்காக இருப்பார் என்றால் அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு டப்பாக்கள் வந்தன, ஃபார்மலின் பாதிதான் இருந்தது, வார்டில் எப்போதும் கஞ்சத்தனம், நஞ்சுக்கொடி மேலே தெரிந்தது, உடனே ஊற்றாவிட்டால் அழுகிவிடும், கலியபெருமாள் இரண்டு மூடியையும் கழற்றி ஊற்றி மூடினார். மூடுகிறபோது மாற்றிவிட்டார். வேறு எப்படி மாறும். இன்றைக்குக் காலை முதல் வேலையாக அவருக்கு மெமோ கொடுத்தாள், மாதிரிகளைக் கையாள்வதில் கவனக்குறைவு, எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று. மெமோ பாக்கி இருந்தால் ஓய்வுக் காகிதம் நகராது என்பது அவருக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். கொடுக்கும்போது சத்தமும் போட்டாள். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். பதினோரு மணிக்கு உருண்டை உருண்டையான எழுத்தில் பதில் வந்தது, இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. நான் செய்யவில்லை என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததுதான் காலையிலிருந்து மீன் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. செய்தவர் என்றால் நாலு சாக்கு எழுதியிருக்க மாட்டாரா.

மூன்று மணி. இப்போது என்ன கெட்டுப்போயிற்று என்று யோசித்தாள். மூடி சொல்கிறது சொல்லட்டும். இருக்கிற மூடி இருக்கிறபடி இருந்தால் வெண்ணிலாவுடையது கெட்ட நஞ்சுக்கொடி, காகிதம் அப்படித்தான் வந்தது, காகிதம் அப்படித்தான் போகும். சாருமதியின் இரண்டு பிள்ளைகளுக்கும் வேலை தப்பும். கல்யாணம் நடக்கும். கலியபெருமாளிடமிருந்து மெமோவை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம். டீன் கையைக் குலுக்குவார். இவளும் ஜூன் மாதம் ஓய்வுபெற்று மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெண் மட்டும் ஊருக்குப் போய், என் உடம்பு பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொன்றது என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கும். நினைத்தால் என்ன, பெண்கள் நினைக்காததா. நஸ்ரீனுக்கு உன்னுடையது நன்றாக இருந்தது என்று ரிப்போர்ட் போகும், அவள் அடுத்த பிள்ளைக்கு அலட்சியமாக இருப்பாள், அந்தப் பிள்ளை என்ன ஆகுமோ, அது அடுத்த வருஷத்துக் கூட்டத்தில் வரும், டீ பிஸ்கட்டோடு. தூ என்று தோன்றியது. முகக்கவசம் போட்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை. யார்மேல் இத்தனை கோபம் என்று பார்த்தாள். சாருமதிமேல்தான். செவ்வாய்க்கிழமை அவளே ஃபோன் பண்ணினாளே. தில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை கேஸ் வந்திருக்குமே, நஞ்சில் ஏதாவது இருக்கும், கொஞ்சம் நல்லா தேடிப் பாரேன் என்று. தேடிப் பாரேன் என்றால் என்ன அர்த்தம் என்று பத்து நிமிஷம் அவளோடு வாதாடி, எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்று கத்தி, கழுத்தே பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினால் பிடிக்காமல் என்ன செய்யும்.

ஏன் இடுக்க வேண்டும். ஃபோனைக் கையில் பிடித்துப் பேசுகிறவள்தானே அவள். சத்தம் போடும்போது மற்றொரு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள், அதற்காக மாணவர்கள் கேலி செய்வது கூடத் தெரியும். செவ்வாய்க்கிழமை கை ஆடவில்லை. கையில் என்ன இருந்தது. இரண்டு கையும் எங்கே போயிற்று. கலியபெருமாள் மூடியைக் கழற்றினார், ஊற்றினார், மூடினார். இல்லை. கலியபெருமாள் தொட்டியடியில் ஜாடி கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தத்தில் சாருமதி பேசுவது கேட்கவில்லை என்று குழாயை மூடச் சொன்னோமே. அவர் தொட்டியடியில் இருந்தால் மேடையடியில் யார். ஃபார்மலின் வாசம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்தது, தோளில் ஃபோன் இருந்தது. வலது கையில் ஒரு மூடி. இடது கையில் ஒரு மூடி. நல்லா தேடிப் பாரேன் தில்லை. எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். டப், டப் என்று இரண்டு மூடியையும் அழுத்தி மூடிய சத்தம் கூட இப்போது கேட்கிறது. கோபத்தில் ஓங்கி அழுத்தினாள். மூடியைப் பார்க்கவே இல்லை. மூடியில் எழுதாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் மூடியைப் பார்க்காமல் மூடினாள், மூன்று நாள் அந்த மூடியை நம்பினாள், ஒரு பிள்ளை பெற்ற பெண்ணை நிற்க வைத்து உன்னுடையது கெட்டது என்று சொன்னாள், பழியைத் தூக்கி வேட்டி கிழித்துக் கொடுக்கிற மனுஷர் தலையில் வைத்தாள். அவமானமாக இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

கலியபெருமாள் உள்ளே வந்து, மணி மூன்றரை ஆகிறது, ஹாலுக்கு ஸ்லைடு பெட்டி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். தில்லைநாயகி கையுறையைக் கழற்றாமலே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“மூடிய மாத்தினது நான்தான், கலியபெருமாள்.”

“ஆமாங்க மேடம். பாத்தேன்.”

பார்த்தீர்களா, பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குரல் தனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். செவ்வாய்க்கிழமை சொல்ல வாயெடுத்தாராம், ஃபோனில் கோபமாக இருந்தீர்கள், கண்ணைக் காட்டிப் பேசாதே என்றீர்கள். அப்புறம் நீங்கள் பார்த்துச் சரிசெய்திருப்பீர்கள் என்று நினைத்தாராம், எப்போதும் நீங்கள்தானே எங்களைச் சரிபார்ப்பீர்கள் என்றார். இதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினாள். இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இன்றைக்குக் காலையிலாவது சொல்லியிருக்கலாமே என்றாள்.

“காலையில நீங்க ஒண்ணும் கேக்கலைங்களே மேடம். மெமோதானே குடுத்தீங்க.”

எழுந்தாள். அவருடைய சட்டைப்பையிலிருந்து மெமோவைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே, செவ்வாய்க்கிழமை மூடிகளை மாற்றி மூடியது நான், இவர்மீது தவறு இல்லை என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனா பிடித்த இடத்தில் ஃபார்மலின் சொட்டியது. சாருமதி இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். மூடியையே மாற்றுகிறவளுடைய ஸ்லைடை எப்படி நம்புவது என்று கேட்பாள், நியாயமான கேள்விதான், தானாக இருந்தாலும் கேட்பாள். நுணலும் தன் வாயால் கெடும். கெடட்டும். இரண்டு குழந்தையின் எடையும் இருக்கிறது, இரண்டு நஞ்சுக்கொடியின் எடையும் இருக்கிறது, மூடி மாறியதைக் கண்ணால் பார்த்த மனுஷர் இருக்கிறார், பச்சை இருக்கிறது. நம்பாதவர்கள் தராசைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கட்டும். வந்த கோபம் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது, ஆனால் இப்போது அதில் தனக்கும் ஒரு பங்கு இருந்தது. அறுவைக் கத்தியின் முனையால் டப்பாவின் உடம்பில் அழுத்திக் கீறினாள். நானூற்று எண்பது கிராம் இருந்த டப்பாவில் வெண்ணிலா. இருநூற்றுத் தொண்ணூறில் நஸ்ரீன். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வந்தது, இனி எந்தத் தண்ணீர் பட்டாலும் போகாது. இரண்டு மூடியையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ஃபார்மலினைத் தொட்டியில் பாதிக்கு மேல் வடித்தாள். அந்தப் பொண்ணுக்கு இன்றைக்கு டிஸ்சார்ஜ், மூன்றாவது மாடியில் இன்னும் இருந்தால் ஹால் வாசலுக்கு அழைத்து வாருங்கள் என்று கலியபெருமாளை அனுப்பினாள்.

திறந்த டப்பா இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு, தளும்பாமல் நடக்க வேண்டியிருந்தது. வராண்டாவில் எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒதுங்குங்கள், இத்தனை வருஷம் ஒதுங்கினது போதாது என்று நினைத்தாள். படியேறும்போது கழுத்து இழுத்தது, அதை இழுக்க விட்டாள். ஹால் வாசல் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது, புடவை கட்டியிருந்தது, காலடியில் ஒயர் கூடை, கூடையில் பிளாஸ்க்கும் மடித்த துண்டும் பிரிக்காத ஒரு குழந்தைச் சட்டைப் பாக்கெட்டும். பக்கத்தில் கலியபெருமாள் நின்றார். தில்லைநாயகி டப்பாக்களைக் கீழே வைக்காமலே நின்று பேசினாள், வைத்தால் திரும்பத் தூக்கத் தைரியம் இருக்காது என்று பட்டது.

“நேத்து உன்கிட்ட சொன்னது தப்பும்மா. டப்பா மூடிய நான் மாத்திப் போட்டுட்டேன். நான் பாத்தது வேற ஒருத்தரோடது. உன்னோடது நல்லா இருந்துச்சு. உன் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. வந்து படுத்த அன்னிக்குக் கூட உன் பையன் நல்லாத்தான் இருந்தான்.”

அந்தப் பெண் டப்பாவைப் பார்த்தது. கீறலில் இருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல உதடு அசைந்தது. பிறகு கையை நீட்டி, டப்பாவின் வெளிப்பக்கத்தை, பெயர் இருந்த இடத்தை, ஒரு விரலால் தொட்டது. அழப்போகிறது என்று தில்லைநாயகி நினைத்தாள். அது அழவில்லை. நிமிர்ந்தபோது முகம் நேற்றைய முகமாக இல்லை, நாலு நாளாக மாமியாருக்கும் ஊருக்கும் குனிந்து கிடந்த கண் இரண்டும் நேராக வந்து நின்றன.

“அப்ப யாரால மேடம்?”

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவளிடம் கேட்டதில்லை. ஏற்பட்டது, நேர்ந்தது, காணப்பட்டது என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாள், எழுதும்போதெல்லாம் கை கூசியதில்லை. கதவுக்கு உள்ளே கரண்டி டம்ளரில் படுகிற சத்தம் கேட்டது, சாருமதி எதற்கோ சிரிக்கிறாள். நேற்றைக்கு முன்தினம் அழுத அதே குரல்.

“உள்ள பதினாலு பேர் இருக்காங்க. இத அப்படியே அங்க கேளு. அதுக்கப்பறம் நான் பேசறேன்.”

பெண் எழுந்தது. ஒயர் கூடையைக் கலியபெருமாள் வாங்கிக்கொண்டார். தில்லைநாயகிக்கு இரண்டு கையிலும் டப்பா இருந்ததால், கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.